காலியாக இருந்த பட்டன்

இதில் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மாமா சரி என்றுதான் சொல்லப்போகிறார். அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் கேட்கச் சரி, தலையணை நழுவினால் சரி, இட்லி வேண்டாமென்றால் சரி, கோபம் வந்தால் மூச்சு முட்ட சரி சரி சரி, அதுவும் அறை வாசலைத் தாண்டாத குரலில். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த அன்றைக்கே மற்ற பேச்செல்லாம் போய்விட்டது. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், எது தங்கும் என்பது யார் கையிலும் இல்லை என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருக்கும்போது, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து ஒரு நர்ஸம்மா முதுகைத் தடவிவிட்டாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் மாமனார் நாச்சிமுத்து யாரிடமும் எதற்கும் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியில் வேலை செய்பவர்களிடமும் இல்லை, பெற்ற மகனிடமும் இல்லை, உயிர் போகும் வரை தட்டில் கூடக் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்த என் மாமியாரிடமும் இல்லை. அப்படிப்பட்டவருக்குப் போய் அந்தச் சொல்லா மிஞ்ச வேண்டும்.

மேஜைமேல் மூன்று ரிமோட்டுகள் இருக்கின்றன. இந்த ஹோம் தியேட்டர் கடைக்காரர் பெனடிக்ட், நாற்பது வயது இருக்கும், மூன்றையும் கறுப்பு வெல்வெட் துணிமேல் நகைக்கடையில் வைப்பதுபோல வைத்துவிட்டு, "பொறுமையா பாருங்க மேடம், நான் டெமோ ரூமை ரெடி பண்ணிட்டு வர்றேன்" என்று உள்ளே போயிருக்கிறார். முதலாவது முழுக்கக் கண்ணாடி. தொட்டால் படங்கள் வரும். இரண்டாவது நீளமாக, கைப்பிடி மாதிரி, நிஜமான பட்டன்களோடு. மூன்றாவது ரிமோட்டே இல்லை, ஒரு அட்டை, அதில் மொபைலில் போட்டுக்கொள்ளும் ஆப்பின் படம். எந்தக் காரியத்துக்கும் இப்படி மூன்றைப் பரப்பி வைத்து நீ எடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. கல்யாணப் புடவைகூட மாமா எடுத்ததுதான். அரக்கு. எனக்கு அரக்கு பிடிக்காது. ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. இடம் மாறி உட்காரலாம். உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை? இடம் மாறினால் பெனடிக்ட் திரும்பி வரும்போது நான் முடிவெடுக்காமல் அலைந்துகொண்டிருந்ததாகத் தெரியும். யாருக்குத் தெரிந்தால் என்ன. இருந்தாலும் உட்காரவில்லை.

எல்லாம் அந்த வெயிலில் ஆரம்பித்தது. மாமா படுத்திருப்பது கீழே மேற்குப் பார்த்த பெரிய அறையில். காலையில் பார்த்துக்கொள்ள வரும் மரகதம் மத்தியானச் சாப்பாட்டை ஊட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அன்றைக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட மறந்து போய்விட்டாள். நான் நான்கு மணிக்குக் காபியோடு இறங்கி வருகிறேன், மாமாவின் முகத்தில் முழு வெயில். முகத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, இடது கையை நெற்றிமேல் கூரை மாதிரி வைத்திருந்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தாரோ. டிவியில் யாரோ மாவு மில் விளம்பரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் திரையை இழுத்தேன். அவர் கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன். இரும்பு உருக்குகிற உலை முன்னால் நின்று பழகியவர், வெயில் என்ன பெரிய விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது உதவவில்லை. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தாமோதரனுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது, அதிலும் குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே மாதத்தில் அந்த அறை சினிமா தியேட்டர் ஆகிவிட்டது. சுவர் அகலத்துக்குத் திரை, மேலே புரொஜெக்டர், நாலு மூலையிலும் ஸ்பீக்கர், தானாக மூடித் திறக்கும் ஜன்னல் திரை, சொன்னபடி கூடிக் குறையும் விளக்கு, ஃபேன், ஏசி, தலைப்பக்கம் உயரும் கட்டில். எல்லாவற்றையும் அலமாரிக்குள் ஒரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. பெட்டிக்கு ஆணையிட ஒரு ரிமோட் வேண்டும். அது மட்டும்தான் பாக்கி. புது மெஷின் பார்க்க ராஜ்கோட் போகிற அவசரத்தில் ஷூ மாட்டிக்கொண்டே, "நீயே போய்ப் பாத்து எடுத்துரு வாணி" என்றார்.

நீயே என்றவர் நான் கடைக்கு வந்ததிலிருந்து இதோ இரண்டாம் தடவை போனில் கூப்பிடுகிறார். "எடுத்துட்டயா? அந்தக் கண்ணாடி மாடல் இருக்குதல்ல, அதையே எடுத்துரு. வர்றவங்க பாத்தா ஒரு மரியாதை." நான் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். கனமாக இருக்கிறது. என் முகம் தெரிகிறது, மேலே ட்யூப்லைட் தெரிகிறது. "இது எங்க இருக்குதுன்னு பாத்துத்தானுங்க தொடோணும். மாமாவுக்குக் கை நடுங்குது. ஒண்ணைத் தொடப் போனா இன்னொண்ணு படும்." அந்தப் பக்கம் மெஷின் சத்தம். "அப்பா எங்க அதையெல்லாம் அமுத்தப் போறாரு. நீ இருக்கற, மரகதம் இருக்கறா. போட்டுவிட்டாப் பாத்துட்டுக் கெடப்பாரு." பார்த்துக்கொண்டு கிடப்பார். அவர் மோசமான மகன் இல்லை. தினமும் காலையில் அப்பாவின் அறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல், "அப்பா, போய்ட்டு வரட்டுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். சரி என்று பதில் வரும். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், ஐம்பது வயது மனுஷனுக்கு. அப்பா தனக்குச் சரி சொல்கிறார் என்று நம்புகிறார். நம்பட்டும். "பாத்து எடுக்கறனுங்க" என்று வைத்துவிட்டேன்.

நீளமாக இருப்பதை எடுக்கிறேன். இது கையில் உட்கார்ந்துகொள்கிறது. இடது கைக்கு மாற்றிப் பார்க்கிறேன், அப்போதும் உட்காருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினால் நடுவில் ஒரு மேடு, அதைச் சுற்றி வளையம், கீழே இரண்டு இரண்டாகப் பட்டன்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். என் விரல்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். காலேஜில் நான் வாலிபால் ஆடியவள். செட்டர். அடிக்கிறவளுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடிக்கப் போகிறவளைப் பார்க்க முடியாது, அதனால் பந்து விரலில் பட்ட மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட வேண்டும், அது எவ்வளவு சுழல்கிறது, எவ்வளவு கனமாக வருகிறது, எங்கே போக விரும்புகிறது. கல்யாணமான முதல் வருஷம் என்னோடு ஆடிய பெண்கள் மாநில ஃபைனலுக்குப் போனார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு டிவியில் காட்டப்போவதாக ஹேமலதா போன் செய்து சொன்னாள். எங்கள் வீட்டில் பகலில் டிவி கிடையாது. பொம்பளைங்க பகல்ல டிவி முன்னால உக்காந்தா வீடு வெளங்குமா என்பார் மாமா. டிவியின் பட்டன்கள் வேலை செய்யாதபடி லாக் போட்டுவிட்டு, ரிமோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபவுண்டரிக்குப் போய்விடுவார். பேனா, ரிமோட், மூக்குக்கண்ணாடி. முந்தின ராத்திரி தைரியம் வரவழைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "நாளைக்கு மத்தியானம் ஒரு மேட்ச் இருக்குதுங்க மாமா. என்ற சினேகிதிங்க ஆடறாங்க." பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ம் என்றார். அந்த ம் போதும் என்று ராத்திரி முழுக்கச் சந்தோஷமாகப் படுத்திருந்தேன். மறுநாள் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் டிவிமேல் ரிமோட் இல்லை.

மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போனாரா. இதுதான். இங்கேதான் எப்போதும் வந்து நிற்கிறேன். பழக்க தோஷத்தில் பையில் போட்டிருக்கலாம், பேனாவைப் போடுகிற மாதிரி. அப்படியென்றால் சாயங்காலம் வந்ததும், அட, மறந்துட்டனே அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததால் வேண்டுமென்றேதான் என்று முடிவு செய்வேன். உடனே, மறந்தது என்பதே மறந்திருந்தால் எப்படிச் சொல்வார் என்று தோன்றும். அந்த ம் எனக்குச் சொன்னதா, பேப்பரில் படித்த எதற்காவது சொன்னதா. இப்படியே பாத்திரம் தேய்க்கும்போது, காய் நறுக்கும்போது, பிள்ளை பெற்று மருந்து நெடியில் படுத்திருந்தபோதுகூட. ஒரு ரிமோட்டுக்காகவா என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். போன மாதம் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது கேட்டே விட்டேன். அறையில் யாரும் இல்லை. "அன்னைக்கு என்ற மேட்ச் அன்னைக்கு, வேணும்னுதான் எடுத்துட்டுப் போனீங்களா மாமா?" அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் ஏதோ ஓடியது, நான் சத்தியமாகப் பார்த்தேன். பிறகு, சரி என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, மெதுவாக, சரி. ஆமாம் என்றா, இல்லை என்றா, இதையெல்லாம் இன்னுமா வெச்சுட்டிருக்கற என்றா. இனி அது எனக்குத் தெரியவே தெரியாது. துண்டைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

"மேடம், வாங்க." டெமோ ரூம் கும்மிருட்டு. சுவரெல்லாம் துணி ஒட்டி, நம் குரலே நம் காதுக்குத் தயங்கித் தயங்கி வருகிறது. சாய்வு சோபாவில் உட்கார்ந்ததும் கால் தானாக மேலே போகிறது, பயந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். பெனடிக்ட் ஒரே ஒரு பட்டனை அமுக்குகிறார். திரை விழுகிறது, விளக்கு மங்குகிறது, ஜன்னல் மூடுகிறது, எங்கோ கடல் அலை அடிக்கிறது, என் வலது தோளுக்குப் பின்னால் ஒரு பறவை. "இதை சீன் அப்படின்னு சொல்லுவோம் மேடம். ஒரு வேலைக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் ஒரு பட்டன்ல கட்டி வச்சிடறது. சார் தூங்கறதுக்கு ஒண்ணு, படம் பாக்க ஒண்ணு, சாப்பிட ஒண்ணு. பட்டனே வேண்டாம்னாலும் பிரச்சினை இல்ல. வாய்ஸ் போட்டுடலாம். பெரியவங்களுக்கு அதுதான் ஈஸி. வாயால சொன்னாப் போதும்." அவர் என் பக்கம் திரும்புகிறார். அலை அடித்துக்கொண்டே இருக்கிறது. "அவருக்குப் பேச்சு வராதுங்க" என்கிறேன். "ஓ... சாரி மேடம்." சாரி என்பது என் காதில் சரி என்று விழுகிறது. மாமாவுக்கு வாய்ஸ் போட்டால் எப்படி இருக்கும். சரி என்றால் திரை மூடும். சரி என்றால் ஏசி ஓடும். சரி சரி சரி என்றால் வீட்டிலுள்ள அத்தனை விளக்கும் எரிந்து அணைந்து எரியும். பெட்டிக்காவது அவர் சொல்வது புரியுமா. இந்த இருட்டில் ஒருத்தரைத் தனியாகப் படுக்க வைத்து, நாலு பக்கமும் சத்தத்தை விட்டு, நிறுத்தத் தெரியாமல், கூப்பிடவும் முடியாமல். "லைட் போடுங்க" என்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

வெளியே வந்து அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பட்டன் வைத்ததைத் தொட்டுக் காட்டினேன். "இதுதான் வேணும். இடது கைக்குத் தோதா." பெனடிக்ட் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். கண்ணாடி மாடலைத்தான் விற்றுவிட வேண்டும் என்ற பதற்றம் அவரிடம் இல்லை. லேப்டாப்பைத் திறந்து பட்டன்களின் படத்தை வரவழைக்கிறார். "இதுல இன்னொரு வசதி இருக்கு. உங்க மொபைல்லேர்ந்து இந்த ரிமோட்டை லாக் பண்ணிக்கலாம். சார் தெரியாம அமுக்கிட்டே இருந்தாருன்னு வைங்க, நீங்க எங்க இருந்தாலும் அப்படியே நிறுத்திடலாம். சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்ல விரும்பிக் கேப்பாங்க." அவர் என் போனை வாங்கக் கை நீட்டுகிறார். நானும் கொடுக்கத்தான் போனேன். கை பாதி தூரம் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் கழித்து லாக் என் சட்டைப் பைக்கு வருகிறது. எனக்குச் சட்டைப் பை இல்லை, ஹேண்ட்பேக்கில் இருக்கும். யாருக்கும் தெரியாது. மாமா ஒரு மத்தியானம் அமுக்கி அமுக்கிப் பார்த்து, கையிலிருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. நினைத்ததும் வயிற்றில் ஒரு இனிப்பு இறங்கியதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த இனிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. எந்த நாளில், எந்த எரிச்சலில் நான் அதைத் தொடுவேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை தொட்டுவிட்டால் அப்புறம் அது மறதியா வேண்டுமென்றே செய்ததா என்று அவர் படுத்தபடியே யோசிப்பார். கேட்கவும் முடியாது. "அது வேண்டாங்க. என் போன்ல ஏத்தாதீங்க. எங்க வீட்டுக்காரர் போன்லயும் வேண்டாம்." "இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே மேடம், யூஸ் பண்ணலைன்னா போச்சு." "இல்லைங்க. எடுத்துருங்க." எடுத்துவிட்டார்.

பிறகு ஒவ்வொரு பட்டனாகக் கேட்கிறார். நடு வளையம் சேனலுக்கும் சத்தத்துக்கும். கீழே ஜன்னல் திரை. அதற்குப் பக்கத்தில் விளக்கு. ஃபேன். கட்டிலின் தலைப்பக்கம். தூங்குகிற சீன். நான் சொல்லச் சொல்ல அவர் நிரப்புகிறார். கடைசியில் அடியில் தனியாக ஒரு பட்டன். சதுரமாக, மற்றதைவிடப் பெரிதாக. "இது காலியா இருக்கு மேடம். சும்மா விட்டுடலாம். இல்லைன்னா ஒண்ணு பண்ணலாம், சார் அமுக்கினா உங்களுக்கு மணி அடிக்கற மாதிரி வச்சுக்கலாம். எந்த ரூம்ல இருந்தாலும் கேக்கும்."

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மூன்று ரிமோட்டில் எது என்று இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் மாமாவின் குரல் நின்று நான்கு மாதம் ஆகிறது. அம்மிணி என்று ஹாலில் இருந்து ஒரு சத்தம் கொடுத்தால் மொட்டை மாடி வரை கேட்கும், வடாம் காயவைத்த கையோடு ஓடி வருவேன், கொட்டாவிக்கு வாய் திறந்தால்கூட கூப்பிடுகிறாரோ என்று காது தூக்கும். இருபத்திரண்டு வருஷமாக என் காது எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அது நின்றது. மத்தியானம் வீடு அப்படி ஒரு அமைதியாக இருக்கிறது. நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. மரகதம் போனதும் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் பந்தை எடுக்கிறேன். போன மாதம் நானே கடைக்குப் போய் வாங்கிய பந்து. படிக்கட்டு அறைச் சுவரில் போட்டு ஆடுகிறேன். புடவையைச் செருகிக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில், விரல் நுனி எரிய எரிய. தப் தப் என்று கீழே கேட்கும். கேட்டாலும் என்ன அது என்று அவரால் கேட்க முடியாது. இப்போது இவர் வந்து, மணி வைக்கட்டுமா என்கிறார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. பட்டன் காலியாகவே இருக்கும். மாமாவுக்கு அப்படி ஒன்று இருக்கலாம் என்றே தெரியப்போவதில்லை. இல்லாத ஒன்றுக்காக யார் ஏங்குவார்கள். ஜன்னலைத்தான் அவரே மூடிக்கொள்ளலாமே இனி. பிறகென்ன அவசரம். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், படுக்கை நனைந்துவிட்டால். அதெல்லாம் தினமுமா வருகிறது.

"மேடம்?"

ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டுகிறேன். அந்த வெயிலுக்குப் பிறகு நான் எப்படி ஆடுகிறேன் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் அந்தக் கை ஞாபகம் வருகிறது, நெற்றிமேல் கூரை மாதிரி வைத்த கை. பந்தைப் பிடித்து நிறுத்திவிட்டுப் படியில் இறங்கிப் பாதி வழியில் நின்று கேட்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. ஒன்றும் கேட்காதது ஒன்றும் இல்லை என்று அர்த்தமா, கூப்பிட முடியவில்லை என்று அர்த்தமா. திரும்ப ஏறுகிறேன். திரும்ப இறங்குகிறேன். நேற்று ஆடியதைவிட ஏறி இறங்கியதுதான் அதிகம். அவர் வாயைத் திறந்து கூப்பிட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கூப்பிடாத நேரத்தில் எனக்கு வேலை இல்லை என்றாவது நிச்சயமாகத் தெரிந்தது. அமைதி என்று நான் கொண்டாடிக்கொண்டிருப்பதில் பாதி பயம்தான். ஆனால் மணி. மணி என்றால் உடம்பு எழுந்து நின்றுவிடும். என்னைக் கேட்காமல் கால் ஓடும். அது மட்டும் கூடாது.

"மணி அடிக்காம வேற எப்படியாவது தெரியற மாதிரி வைக்க முடியுங்களா? சத்தமே இல்லாம?" பெனடிக்ட் தாடையைச் சொறிகிறார். "லைட் வைக்கலாம். சின்னதா ஒண்ணு, ஆரஞ்சு கலர்ல. சார் அமுக்கினா எரியும், நீங்க போய் அந்த ரூம்ல அணைக்கற வரைக்கும் எரிஞ்சுட்டே இருக்கும். எங்க வைக்கலாம், கிச்சன்லயா?" "கிச்சன்ல ஒண்ணு. அடுப்புக்கு மேல." அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் தயங்கினேன். தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பந்தை இந்த மனுஷனிடம் காட்டுவது போல இருந்தது. "மொட்டை மாடியில ஒண்ணுங்க. படிக்கட்டு ரூம் செவுத்துல." "மாடியிலயா? வெயில் மழை படுமே." "படாத மாதிரி வைங்க." ஏன் என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். விளக்கு அணைந்திருக்கும் வரை நான் ஆடலாம். யாரும் எனக்குக் கொடுக்காத உத்தரவை அந்தச் சின்ன விளக்கு கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை நினைத்ததும் ஏசி குளிருகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன்.

சாயங்காலமே பெனடிக்ட் வந்துவிட்டார். விளக்குகளைப் பொருத்திவிட்டு, அலமாரிப் பெட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி நான் மாமாவின் இடது கையில் ரிமோட்டை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைநழுவப் போனபோது விரல்கள் தாமாகவே இறுகிப் பிடித்துக்கொண்டன. அவர் கட்டைவிரலை நான் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். காய்த்துப்போன விரல், இன்னும் இரும்புத் தகடு மாதிரிதான் இருக்கிறது. "இது சேனலுங்க மாமா. இது சத்தம். இது ஜன்னல், அமுத்துங்க." திரை நகர்ந்ததும் அவர் தலையைத் தூக்கினார். மறுபடி அமுக்கினார், திறந்தது. மறுபடி, மூடியது. வாயைக் கோணிக்கொண்டு, சரி என்றார். ஃபவுண்டரியில் புது மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஒரு பக்கமாக உதட்டைக் கோணுவாரே, அதே கோணல். கடைசியில் அடியில் இருக்கும் சதுரத்துக்குக் கொண்டுபோனேன். என்ன சொல்வது என்று கடையில் யோசித்து வைக்கவில்லை. "இது நானுங்க" என்றேன். அவர் விரல் அதன்மேல் இருந்தது. அமுக்கவில்லை. எடுத்துவிட்டார். சரி, வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டேன்.

பத்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்புக்கு மேல் விளக்கு, ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும், சும்மா இருந்தது. அமுக்க மாட்டார். என்னைக் கூப்பிட ஒரு பட்டன் வேண்டியிருக்கிறது என்பதே அவருக்கு அவமானமாக இருக்கும். அமுக்க வேண்டாம், எனக்கென்ன. மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது.

கை ஈரத்தோடு போனேன். கால் ஓடவில்லை, நடந்துதான் போனேன், அதையும் கவனித்துக்கொண்டே போனேன். மூச்சா, நெஞ்சா, படுக்கையா என்று அவரை ஏற இறங்கப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. மாமா என்னை முறைக்கிறார். "சரி" என்கிறார், அதட்டலாக. தாடையைத் திருப்பித் தரையில் உட்கார்ந்திருக்கும் பெனடிக்டின் முதுகைக் காட்டுகிறார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் அதே தாடை, அதே முறைப்பு. பிறகு ரிமோட்டை வயிற்றின்மேல் வைத்துவிட்டு, கட்டைவிரலை உதட்டருகே கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினார். வீடு தேடி வந்த ஆளுக்கு இன்னும் காபி கொடுக்கவில்லை. வந்து எவ்வளவு நேரம் ஆகிறது. சிரித்துவிட்டேன், இந்தத் தடவை முந்தானையை வாயில் வைக்கவில்லை. எரிச்சலும் வந்தது, இதற்காகவா. அத்தனை சொல்லும் போய், படுத்த படுக்கையிலும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லாமல் புரிந்திருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. தலையணையில் சாய்ந்து திரும்பிக்கொண்டார். சுவரில் இருக்கும் பொத்தானைத் தொட்டு ஆரஞ்சு விளக்கை அணைத்தேன். "உங்களுக்குச் சக்கரை போடலாங்களா?" என்று பெனடிக்டைக் கேட்டேன். "ஐயோ, எதுக்கு மேடம் சிரமம்." "போடலாங்களா?" "ஒரு ஸ்பூன் போதுங்க."

பாலை அடுப்பில் வைத்துவிட்டு டிகாக்ஷனை இறக்குகிறேன். டம்ளரை எடுக்கத் திரும்பும்போது ஆரஞ்சு மறுபடியும் எரிகிறது. இந்தத் தடவை என்ன, டம்ளர் பெருசா வை என்றா, பலகாரம் ஏதும் இல்லையா என்றா, இல்லை, அமுக்கினால் நான் வருகிறேனா என்று பார்க்கிறாரா. கால் கிளம்பப் பார்க்கிறது. நிற்கிறேன். நின்றால் நிற்கிறது. "வர்றனுங்க மாமா" என்று இங்கிருந்தே குரல் கொடுக்கிறேன். பால் இப்போதுதான் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்திருக்கிறது. பொங்கட்டும். இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.